எதை முதலில் காப்பது?

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் இருமுறை சூழ்ந்தது. கோத்தா திங்கியும் சிகாமட்டும் நீரில் மூழ்கின. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். அத்தகைய வெள்ளத்தில் பாடநூல்கள் நனைந்தால் வேறு நூல்கள் வந்துவிடும். தோட்டக்காலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேடு சேற்றில் ஊறிப்போனால் அதனைத் தருவார் யாருமிலர். தோட்டமே வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்ட பின்னர், அங்கு இன்ன குடும்பம் இன்ன ஆண்டில் வாழ்ந்தது என்பதற்கு அப்பதிவேடு ஒன்றே சான்றாக எஞ்சியிருக்கவும் கூடும்.

தரவுகளுக்குக் காப்புப்படி எடுக்கும்போது இவ்வேறுபாட்டை நாம் பெரும்பாலும் கருதுவதில்லை. இருப்பவை அனைத்தையும் ஒரே வன்தட்டில் கொட்டிவிட்டு அமைதியடைகிறோம். விளையாட்டு விழாக் காணொளிகள் இடத்தை நிரப்ப, அரிய ஆவணமோ எவருடைய விரலியிலோ கிடக்கிறது. ‘இது தொலைந்தால் வேறெங்கேனும் கிடைக்குமா?’ என்பதே முதலில் கேட்கத்தக்க வினா. கிடைக்குமெனில் அது காத்திருக்கலாம்.

நம் முன்னோர் இத்தேர்வை அறிந்திருந்தனர். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். கடாரம் இன்றைய நம் கெடாவாதலின் இச்செய்தி நமக்கு அயலானதன்று. ஆணை முதலில் ஓலையில் எழுதப்பட்டது. பின்னர் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் வெட்டுவித்தான். சோழர் ஆட்சியில் நாள்தோறும் எழுந்த ஓலைகள் எத்தனையோ! அவையெல்லாம் செம்பில் ஏறவில்லை. நிலவுரிமை, ஊரெல்லை போன்று நெடுங்காலம் நிற்க வேண்டியவையே ஏறின. ஓலை மறைந்தது. லைடன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற அவ்விருபத்தோர் ஏடுகளோ கடல் கடந்து நெதர்லாந்து சென்றும் அழியவில்லை. விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் 1987இல் கிடைத்த இராசேந்திரனின் செப்பேடுகள், கோயில் நிலத்தின் அடியில் எவர் கையும் எட்டாமல் கிடந்தவை. எட்டாமையே அவற்றைக் காத்தது.

இக்காலத்துக்கு அவ்வெட்டாமை மிகவும் வேண்டப்படுகிறது. மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்னும் விதி நல்லதே. ஆயினும் மூன்றும் ஒரே வலையமைப்போடு பிணைந்திருப்பின் அவை மூன்றும் ஒன்றே. கணினியோடு ஒத்திசையும் மேகச் சேமிப்பில், இங்கே நாம் தவறி அழித்த கோப்பு அங்கேயும் அழிகிறது. ரேன்சம்வேர் என்னும் தீநிரல் புகுந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பதோடு, தொடுப்பிலுள்ள காப்புப்படிகளையும் தேடிக் கெடுக்கும். செருகாமல் அலமாரியில் கிடக்கும் வன்தட்டை அது தொட இயலாது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கேட்ட தொகையை நூலகம் தரவில்லை. மின்னிலக்கத் தொகுப்புகளின் பாதுகாப்பான படிகள் அதனிடம் இருந்தன. அவற்றை ஏற்றுதற்குரிய கட்டமைப்பே சிதைந்திருந்தது. பல மாதங்கள் பணிகள் முடங்கின. படி வைத்திருத்தல் வேறு, மீட்டெடுத்தல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. ஆதலின் ஆண்டுக்கொரு முறையேனும் காப்புப்படியை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். இதைச் செய்யும் பள்ளிகள் மிகச் சிலவே என அஞ்சுகிறோம்.

தமிழ்ப்பள்ளி ஒன்றில் முதலில் தேர வேண்டியவை சேர்க்கைப் பதிவேடுகள், பழைய ஆண்டு மலர்கள், நிழற்படங்கள், முதியோரின் ஒலிப்பதிவுகள். இவை மிகுந்த இடத்தையும் கொள்வதில்லை. இருநூறு பக்கப் பதிவேட்டைத் தெளிவாக வருடினாலும் ஒரு விரலியின் சிறு மூலையே நிரம்பும். இரண்டு வன்தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். இரண்டையும் ஒருசேரக் கணினியில் செருகலாகாது. ஒன்றை வெள்ளம் ஏறாத வேறோர் ஊரில், பொறுப்புள்ள ஒருவரிடம் ஒப்படைத்தல் நலம். மாணவரின் அடையாள எண்கள் இருப்பதால் வன்தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுதல் கட்டாயம். அச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு, வன்தட்டு இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். தலைமையாசிரியர் மாற்றலாகிச் செல்லும் நாளில் திறவுகோல்களோடு அவ்வுறையும் கைமாற வேண்டும்.