பிள்ளைக்கேற்ற பாடசாலை எது?

தரம் ஒன்றுக்கான விண்ணப்பங்கள் கோரப்படும் காலம் வந்துவிட்டால் எமது கிராமங்களில் தாய்மாரின் பேச்சு முழுவதும் பாடசாலையைப் பற்றியதாகவே இருக்கும். கிணற்றடியிலும் மாதர் சங்கக் கூட்டத்திலும் இதே கதைதான். "ஆற்ற பிள்ளைக்கு எங்க இடம் கிடைச்சது?" என்று விசாரிப்பவர்கள் பலர். "இந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை பொருந்தும்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலை வாசலில் நிற்கும் தாய்மாரில் பலர், யுத்தம் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டில் பத்து, பதினைந்து வயதுச் சிறுமிகளாக இருந்தவர்கள். மரநிழலில் படித்தவர்கள், பாடசாலை அகதி முகாமாக மாறியதால் படிப்பை விட்டவர்கள், சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வயதில் இடம்பெயர்ந்து கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இவர்களுள் அடக்கம். தமக்குக் கிடைக்காத கல்வி தமது பிள்ளைக்காவது "பெரிய பள்ளிக்கூடத்தில்" கிடைக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த ஆசையைச் சுமக்கப் போவது ஆறு வயதுப் பிள்ளையின் தோள் என்பதையும் நாம் யோசிக்க வேண்டியுள்ளது.

அண்மைக் காலமாக இன்னொரு போக்கையும் காண்கிறேன். அரச பாடசாலையில் பிள்ளை பின்தங்கினாலோ, வகுப்பில் பேசாமல் இருந்தாலோ, "காசு கட்டிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் போட்டால் சரிவரும்" என்ற எண்ணம் பரவி வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ கட்டணத்துக்குப் பொறுப்பு ஏற்கிறார்கள். அப்படி ஒருவரும் இல்லாதவர்கள் நுண்கடன் எடுக்கிறார்கள். ஆகவே தனியார் பாடசாலை என்று நாம் சொல்வது உண்மையில் எவை என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

தனியார் பாடசாலைகள் எல்லாம் ஒன்றல்ல

இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மூலம் உதவி பெற்று வந்த பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. சில பாடசாலைகள் மட்டும் தனியாராகவே இருந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியன அவ்வாறானவை. இவற்றில் அரச பாடத்திட்டமே கற்பிக்கப்படுகிறது. பிள்ளைகள் தோற்றுவதும் அரச பரீட்சைகளுக்குத்தான்.

1961 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை ஆரம்பிப்பதைத் தடுத்தது. அதனால் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் தோன்றிய "சர்வதேச பாடசாலைகள்" கம்பனிகளாகவே பதிவு செய்யப்பட்டன. ஒரு கடை, ஒரு தொழிற்சாலை பதிவு செய்யப்படுவது போலத்தான் இதுவும். இதைக் கேட்டுப் பல தாய்மார் ஆச்சரியப்படுவார்கள். அரச பாடசாலையைப் பார்க்க வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அதிகாரிகள் வருவது போன்ற மேற்பார்வை அங்கு இல்லை. இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் கிடைப்பதில்லை. நல்ல ஆசிரியர்களைக் கொண்டு சிறப்பாக நடப்பவையும் உண்டு, பெயர்ப்பலகை மட்டும் பெரிதாக உள்ளவையும் உண்டு. எது எப்படிப்பட்டது என்பதைத் தாய்தான் நேரில் சென்று பார்த்து அறிய வேண்டும்.

"மொன்ரிசோரி" என்ற சொல்லும் இப்படித்தான். மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907 இல் உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தை ஆரம்பித்தவர். 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவரது முறையில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து, கையால் தொட்டுச் செய்யும் உபகரணங்களைத் தாமே தெரிந்தெடுத்து வேலை செய்வார்கள். ஆசிரியை அதிகம் பேசமாட்டார், கவனித்துக் கொண்டிருப்பார். எமது ஊர்களில் எந்த முன்பள்ளியையும் மொன்ரிசோரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கம் எழுத்து வீட்டுவேலை கொடுக்கும் இடம் அந்தப் பெயரை வைத்திருந்தாலும் அந்த முறையைப் பின்பற்றுவதில்லை. (பணக்காரருக்கு உரியது என்று நாம் எண்ணும் முறை ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

முதலில் பிள்ளையைப் பாருங்கள்

வன்னியில் ஒரு தாய். ஷெல் காயத்தால் ஒரு கால் இயலாதவர். தையல் தைத்துத் தனியாகவே குடும்பத்தை நடத்துகிறார். அவரது எட்டு வயது மகனைப் பற்றி என்னிடம் இப்படிச் சொன்னார்: "மிஸ், இவன் வகுப்பில வாயே திறக்கிறானில்லை. ரீச்சர் மந்தம் எண்டு சொல்லுறா. தம்பி கனடாவில இருந்து காசு அனுப்புறன் எண்டவன். ரவுணில இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில போட்டால் கெட்டிக்காரனா வருவான்தானே?"

வீட்டில் அந்தப் பிள்ளை எப்படி என்று விசாரித்தபோது, பழைய வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டுவதில் கெட்டிக்காரன் என்று தெரிந்தது. ஆனால் பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டான். சிறுவயதில் அடிக்கடி காதில் சீழ் வடிந்திருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டியபோது ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரியவந்தது. சிகிச்சை ஆரம்பமானது. வகுப்பாசிரியருடன் பேசி முன்வரிசையில், நல்ல காது ஆசிரியரின் பக்கம் இருக்குமாறு அமர்த்தினோம். பிள்ளை அதே பாடசாலையில்தான் படிக்கிறான். இன்னும் கணக்கில் பின்தங்கித்தான் இருக்கிறான், ஆனால் மந்தம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. தமிழில் ஆசிரியர் சொல்வதே சரியாகக் கேட்காத பிள்ளையை ஆங்கில மொழி வகுப்பில் இருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே பாடசாலையை மாற்றுவதற்கு முன்னர் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 இல் நடைபெறும். அன்று பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். அதன்பின் ஒரு கிழமை பிள்ளையைக் கவனியுங்கள். காலையில் வயிற்றுவலி என்கிறதா? சனி, ஞாயிறில் அந்த வலி இல்லையா? அப்படியானால் பாடசாலையில் ஏதோ ஒன்று பிள்ளையைப் பயப்படுத்துகிறது. அது பாடமாக இருக்கலாம், அடியாக இருக்கலாம், போகும் வழியில் நடப்பதாகவும் இருக்கலாம். விளையாட்டில் தலைமை தாங்கும் பிள்ளையா, ஒரு மூலையில் மணலைக் குவித்து வீடு கட்டும் பிள்ளையா என்பதையும் பாருங்கள். இரைச்சலைத் தாங்க முடியாத பிள்ளைக்கு நாற்பது பேர் உள்ள வகுப்பு தினமும் ஒரு போராட்டம். கூட்டத்தில் மலரும் பிள்ளையோ பன்னிரண்டு பேர் மட்டும் உள்ள சிறிய பாடசாலையில் வாடிவிடும்.

திக்குவாய் உள்ள ஒரு சிறுமியை நான் அறிவேன். பெரிய பாடசாலையில் வாசிப்பு நேரம் வந்தாலே அழுவாள். தாய் அவளைச் சிறிய தனியார் பாடசாலைக்கு மாற்றினார். அங்கே அவளை அவசரப்படுத்த ஆளில்லை. இரண்டாம் தவணையில் மேடையேறிப் பாடினாள். அந்தப் பிள்ளைக்கு அந்த மாற்றம் தேவையாகத்தான் இருந்தது.

சில பிள்ளைகளுக்கு விசேட கவனிப்பு அவசியம். யாழ்ப்பாண மாவட்டத்தில் செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலையும், விழிப்புலனற்றோருக்குச் சுன்னாகம் வாழ்வகமும், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குக் கோண்டாவில் சிவபூமி பாடசாலையும் சேவையாற்றி வருகின்றன. சாதாரண அரச பாடசாலைகள் சிலவற்றிலும் விசேட கல்வி அலகுகள் உண்டு. உங்களுக்கு அண்மையில் எங்கே உள்ளது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். இப்படியான பிள்ளையைச் சனத்துக்குத் தெரியாமல் வீட்டில் வைத்திருப்பது இன்றும் நடக்கிறது. வெட்கத்துக்காக ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அடைத்து வைக்க எந்தத் தாய்க்கும் உரிமை இல்லை என்பதே என் கருத்து.

பள்ளிக்கூடத்தைப் பார்க்கச் சென்றால் அதிபரின் அறையோடு திரும்பிவிடாதீர்கள். இடைவேளை நேரத்தில் போங்கள். மலசலகூடத்தில் தண்ணீரும் கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ளனவா என்று பாருங்கள். பெண்பிள்ளை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேசையில் பிரம்பு கிடக்கிறதா? பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை வெளியிட்டுவிட்டது. பிள்ளை துன்புறுத்தப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். கடந்த வருடம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்றும் கேளுங்கள். அடிக்கடி ஆசிரியர் மாறும் இடம், தாயை விட்டுப் பிரியவே பயப்படும் பிள்ளைக்கு உகந்ததல்ல.

இப்படிக் கேட்க எமது பெண்கள் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். படித்த, வசதியுள்ள பெற்றார் அதிபருடன் பேசும் பாணியே வேறு. அதைச் சமூகவியலில் "பண்பாட்டு மூலதனம்" என்பார்கள். அது உங்களிடம் இல்லை என்று நினைத்தால் சங்கத்து அக்கா ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கேட்க வேண்டியதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

காசு விடயத்தில் கறாராக இருங்கள். அனுமதிக் கட்டணம், தவணைக் கட்டணம், கட்டட நிதி, வாகனக் கூலி, பரீட்சைக் கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். லண்டன் பரீட்சைக் கட்டணங்கள் பவுணில் கணக்கிடப்படுகின்றன. 2022 இல் சில வாரங்களுக்குள்ளேயே ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது அந்தப் பெற்றார் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளிநாட்டுத் தம்பிக்கும் நாளை சொந்தப் பிள்ளைகள் வளரும். அவரது உதவி நின்றாலும் தொடரக் கூடியதா என்று இன்றே யோசியுங்கள். நுண்கடன் எடுத்துக் கட்டணம் கட்டவே வேண்டாம். கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் படிப்பு ஏறாது. பழைய தனியார் பாடசாலைகள் சிலவற்றில் பழைய மாணவர்களின் உதவியுடன் கட்டணச் சலுகை வழங்கப்படுவதுண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு வழியே இல்லை என்பதல்ல. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண், வர்ணம், கதை, நாடகம் ஆகியவற்றின் மூலம் மனந்திறந்தார்கள். மாற்றுக் கல்வி என்பது பாடசாலை நேரத்துக்கு வெளியிலும் கிடைக்கலாம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. கிராமத்து நூலகமும் சித்திர வகுப்பும்கூட அமைதியான பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

எல்லாவற்றையும் யோசித்து மாற்றுவதென்று தீர்மானித்தால், வருட நடுவில் மாற்றாதீர்கள். விடுகைப் பத்திரம் எடுப்பதற்கு முன்னர் வலயக் கல்விப் பணிமனைக்குச் சென்று, புதிய இடம் சரிவராவிட்டால் பிள்ளை மீண்டும் அரச பாடசாலையில் சேரலாமா, எந்தத் தரத்தில் சேர்ப்பார்கள் என்று கேட்டறியுங்கள். பத்திரத்தின் இரண்டு பிரதிகளை எடுத்து ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை நம்பிக்கையான உறவினரிடமும் வையுங்கள். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.