கழிக்கத் தெரியாத கம்ப்யூட்டர்!

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா, குழந்தைகளே? நிலையங்களுக்கு எண் கொடுத்துப் பார்ப்போம். தாம்பரம் 0, சானடோரியம் 1, குரோம்பேட்டை 2, பல்லாவரம் 3, திரிசூலம் 4, மீனம்பாக்கம் 5, பழவந்தாங்கல் 6, பரங்கிமலை 7. அடுத்து வரும் கிண்டிக்கு என்ன எண்?

"8" என்றுதானே சொல்வீர்கள்? "இல்லை, 10" என்று சொன்னவர்களும் உண்டு! ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு ஆணை எழுதிய பொறியாளர்கள்தான் அவர்கள். 8, 9 என்ற இலக்கங்களை அவர்கள் தொடவே மாட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டரிடம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதற்குக் கூட்டத் தெரியும். ஆனால், "கழி" என்று ஓர் ஆணை கிடையாது!

நம் நாட்டு மினி

1970-களில் கம்ப்யூட்டர் என்றாலே ஒரு பெரிய அறை முழுவதும் நிற்கும் இயந்திரம்தான். கிண்டிக்கு அருகே உள்ள ஐ.ஐ.டி.யில் 1973-ஆம் ஆண்டு வந்த ஐ.பி.எம். 370 அப்படிப்பட்டதே. அதற்கு முன்பே சிறிய கம்ப்யூட்டர்களும் பிறந்துவிட்டன. அவற்றை மினி கம்ப்யூட்டர் என்றார்கள். மினி என்றதும் சட்டைப் பையில் அடங்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு சிறிய ஃப்ரிட்ஜ் அளவு இருக்கும்!

1967-ல் ஹைதராபாத்தில் இ.சி.ஐ.எல். என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் விஞ்ஞானி ஏ.எஸ்.ராவ். பம்பாய் டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி மையப் பொறியாளர்களின் உழைப்பில் உருவான டி.டி.சி.-12 என்ற கம்ப்யூட்டரை இந்த நிறுவனம் தயாரித்தது. டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்பதன் சுருக்கமே டி.டி.சி. 1969 ஜனவரியில் அதை இயக்கி வைத்தவர் விக்ரம் சாராபாய். தேர்தலில் பெரியவர்கள் ஓட்டுப் போடும் மின்னணு இயந்திரத்தைத் தயாரிக்கும் இரண்டு நிறுவனங்களில் ஒன்று இதே இ.சி.ஐ.எல்.தான்.

டி.டி.சி.-12 என்பதில் உள்ள 12 எதைக் குறிக்கிறது? ஒரே நேரத்தில் 12 பிட்களை, அதாவது 0 அல்லது 1 என்ற 12 இலக்கங்களை, அது கையாளும். 1965-ல் அமெரிக்காவின் டி.இ.சி. நிறுவனம் 18,500 டாலருக்கு விற்ற பி.டி.பி.-8 என்ற புகழ்பெற்ற மினியும் 12 பிட் இயந்திரம்தான். அதன் மொழி மிக எளிது. அதையே நாம் கற்றுப் பார்ப்போம்.

எட்டே ஆணைகள்

பி.டி.பி.-8-இன் நினைவகத்தில் 4096 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 12 பிட்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையை இன்றைய முறையில் அதற்குள் சேமிக்க முடியாது!

12 பிட்களை மூன்று மூன்றாகப் பிரித்தால் நான்கு கூட்டம் வரும். மூன்று பிட்களால் 0 முதல் 7 வரை எழுதலாம். அதனால்தான் 8, 9 தேவைப்படவில்லை. 7-க்கு அடுத்து 10 வரும். இதற்கு எண்ம முறை என்று பெயர்.

ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அது ஆணையாக இருந்தால், முதல் இலக்கம் என்ன வேலை என்று சொல்லும். 1 என்றால் கூட்டு. 3 என்றால் விடையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பலகையைத் துடை. 5 என்றால் வேறு பெட்டிக்குத் தாவு. இப்படி 0 முதல் 7 வரை மொத்தம் எட்டு வகை ஆணைகள்தான்!

பலகை என்றேனே, அது என்ன? கணக்குப் போட அந்த இயந்திரத்திடம் இருந்தது ஒரே ஒரு சிலேட்டு. அதற்கு அக்யுமுலேட்டர் என்று பெயர்.

எண்ணுக்குப் பதில் பெயர்

1205, 1206, 3207 என்று எண்களாகவே எழுதினால் யாருக்கு நினைவிருக்கும்? ஒரு வரியை இடையில் சேர்த்தால் அதன்பின் வரும் பெட்டி எண்கள் எல்லாமே மாறிவிடும். திரிசூலத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே புதிய நிலையம் கட்டினால் கிண்டியின் எண் மாறும். ஆனால் கிண்டி என்ற பெயர் மாறாதல்லவா? அதனால் எண்ணுக்குப் பதில் பெயர் எழுதினார்கள். அதுதான் அசெம்பிளி மொழி.

2-ஐயும் 3-ஐயும் கூட்டும் நிரலைப் பாருங்கள். அசலில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். நாம் தமிழில் எழுதுவோம்.

*200
ஸ்டார்ட், சிஎல்ஏ / சிலேட்டைத் துடை
டிஏடி ஏ / ஏ-யில் உள்ளதைக் கூட்டு
டிஏடி பி / பி-யில் உள்ளதைக் கூட்டு
டிசிஏ சி / விடையை சி-யில் போடு
ஹெச்எல்டி / நில்
ஏ, 2
பி, 3
சி, 0
$

நட்சத்திரக் குறி, "200-ஆம் பெட்டியில் தொடங்கு" என்கிறது. ஒரு சொல்லுக்குப் பின் காற்புள்ளி வந்தால் அது அந்தப் பெட்டியின் பெயர். சாய்கோட்டுக்குப் பின் வருவதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. அது மனிதர்களுக்கான குறிப்பு. டாலர் குறி வந்தால் நிரல் முடிந்தது. ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? "இப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது" என்று பிழை காட்டிவிடும். தமிழ்க் கட்டுரையில் காற்புள்ளி விட்டால் ஆசிரியர் அரை மதிப்பெண் குறைப்பார். இங்கே வேலையே நடக்காது!

இரண்டு முறை படிக்கும்

இந்த வரிகளை எண்களாக மாற்ற அசெம்பிளர் என்ற இன்னொரு நிரல் உண்டு. நிரலைத் தட்டச்சு செய்து, துளையிட்ட காகித நாடாவாக அதற்குக் கொடுப்பார்கள். அது நாடாவை ஒரு முறை படித்தால் போதாது. ஏன்? இரண்டாவது ஆணையில் ஏ என்று வருகிறது. ஏ எந்தப் பெட்டி என்பது கடைசியில்தானே தெரியும்?

அதனால், முதல் முறை படிக்கும்போது பெயர்ப் பட்டியல் போடும்: ஏ 205, பி 206, சி 207. இரண்டாம் முறை படிக்கும்போது எண்களாக மாற்றிவிடும். விடை இதோ: 200-இல் 7200, 201-இல் 1205, 202-இல் 1206, 203-இல் 3207, 204-இல் 7402, 205-இல் 0002, 206-இல் 0003, 207-இல் 0000. 1205-ஐப் பாருங்கள். "1, கூட்டு; 205-ஆம் பெட்டியில் இருப்பதை" என்று படிக்க முடிகிறதல்லவா?

நில் என்று சொல்ல மறந்தால்?

இங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது. "நில்" என்ற வரியை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பெட்டிக்குப் போகும். அங்கே இருப்பது 0002. அது நாம் கூட்டுவதற்காக வைத்த எண் என்று அதற்குத் தெரியாது. 0 என்றால் "ஒப்பிட்டு, இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 வை" என்ற ஆணை. 2-ஆம் பெட்டியோடு ஒப்பிட்டுவிட்டு மேலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆணையும் எண்ணும் ஒரே மாதிரிப் பெட்டியில் ஒரே மாதிரி எண்ணாகவே கிடக்கின்றன. எது எது என்று பிரித்துச் சொல்வது எழுதியவரின் பொறுப்பு. நீங்கள் மனதில் நினைத்ததை அது செய்யாது, எழுதியதைத்தான் செய்யும். இன்றைய கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும்.

கழித்தது எப்படி?

சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். மணி 5. முள்ளை 3 மணி பின்னால் தள்ளினால் 2. அதையே 9 மணி முன்னால் தள்ளினாலும் 2-தான்! பி.டி.பி.-8-ம் 4096 எண்கள் கொண்ட ஒரு கடிகாரம் போன்றது. 3-ஐக் கழிக்க வேண்டுமானால், 0003-இல் உள்ள 12 பிட்களில் 0-வை எல்லாம் 1 ஆகவும், 1-ஐ எல்லாம் 0 ஆகவும் மாற்ற வேண்டும். 7774 கிடைக்கும். அதோடு 1 கூட்டினால் 7775. இனி 5-உடன் 7775-ஐக் கூட்டுங்கள், எண்ம முறையில்! 10002 வரும். 12 பிட்டில் நான்கு இலக்கம்தானே அடங்கும்? முன்னால் உள்ள 1 சிலேட்டை விட்டு வெளியே போய்விடும். மிச்சம் 0002. கழித்தாகிவிட்டது!

நீங்களே செய்து பாருங்கள்

எட்டு காலித் தீப்பெட்டிகள், ஒரு சிலேட்டு, சில காகிதத் துண்டுகள் போதும். பெட்டிகளின் மேல் 200 முதல் 207 வரை எண் எழுதுங்கள். எட்டு எண்களையும் துண்டுகளில் எழுதி உள்ளே போடுங்கள். ஒருவர் கம்ப்யூட்டர். அவர் 200-இல் தொடங்கி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சொந்த யோசனை கூடாது! 207-ஆம் பெட்டியில் 5 வந்தால் வெற்றி. பிறகு சிலேட்டில் முதலிலேயே 4 என்று எழுதிவிட்டு, 200-ஐத் தாண்டி 201-இல் இருந்து தொடங்கிப் பாருங்கள். சிலேட்டைத் துடைக்கும் ஆணை எதற்கு என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

கடைசியாக ஒரு புதிர். தாம்பரம் 0, கிண்டி 10. அடுத்து சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர். எண்ம முறையில் எழும்பூரின் எண் என்ன?

(விடை: 16)