குற்றால வெள்ளப் படம்: நிஜமா, ஒட்டு வேலையா?

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். எனவே சாரல் சீசனில் "குற்றாலத்தில் வெள்ளம்" என்று ஒரு படம் உங்களுக்கு வந்தால் அலட்சியம் செய்ய முடியாது. சரி, அது நிஜப் படம்தானா?

இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்கே பயிற்சி தருகிறார்கள். இதுதான் மெஷின் லேர்னிங். அசல் படங்களையும் மாற்றிய படங்களையும் ஆயிரக்கணக்கில் கொடுத்தால், வித்தியாசத்தை அதுவே கற்றுக்கொள்ளும். உதாரணமாக, ஜேபெக் பைல் படத்தை 8க்கு 8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய இடத்தில் இந்தக் கட்டங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகாது. நம் கண்ணுக்கு இது தெரியாது. 2019ல் அடோபி நிறுவனமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் போட்டோஷாப்பில் மாற்றிய முகங்களை வைத்துச் சோதித்தபோது, மனிதர்கள் 53 சதவீதமே சரியாகச் சொன்னார்கள். (காசைச் சுண்டினாலே 50 கிடைக்குமே!) சாப்ட்வேர் 99 சதவீதம் வரை கண்டுபிடித்தது.

ஆனால் வாட்ஸ்அப் படத்தை மறுபடியும் சுருக்குவதால் பல தடயங்கள் அழிந்துவிடும். பழைய வெள்ளத்தின் அசல் படத்தை இன்று எடுத்ததாக அனுப்பினாலோ, கண்டுபிடிக்க அதில் திருத்தமே இருக்காது. அப்போது கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்து, முன்பு எங்கே வெளிவந்தது என்று தேடுங்கள். அருவியில் குளிக்கத் தடை இருக்கிறதா என்று தென்காசிச் செய்திகளையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.