கருவி பார்த்தால் போதாது. சேதி வீடு வந்து சேர வேண்டும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று யானை. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமான இம்மலைக்காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பல தோப்புகளுக்கு வேலியைத் தாண்டினாலே காடுதான்.

இவ்விரண்டு கவலைக்கும் இப்போது கம்பியில்லாக் கருவிகள் விற்கின்றன. மண்ணின் ஈரத்தைச் சொல்ல ஒரு வகை. வேலியோரம் விலங்கு நடமாட்டத்தை அறிந்து வீட்டில் மணி அடிக்க இன்னொரு வகை. ஒரு கருவி தன் சேதியைப் பக்கத்துக் கருவிக்குத் தரும். அது அடுத்ததற்குத் தரும். இப்படிக் கைமாறி, வீட்டிலோ மோட்டார் அறையிலோ உள்ள பெட்டிக்கு வந்து சேரும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கருவி எவ்வளவு தூரம் பார்க்கும்? எவ்வளவு தூரம் பேசும்? விற்பவர்கள் பேசும் தூரத்தை மட்டும் பெரிதாகச் சொல்வார்கள். அதுவும் வெட்டவெளியில் அளந்த தூரம்.

உதாரணமாக, 900 அடி நீள வேலி. கருவி ஒவ்வொரு பக்கமும் 30 அடி பார்க்கும் என்றால், 60 அடிக்கு ஒன்றாக 15 கருவிகள் வேண்டும். பேசும் தூரமும் சரியாக 60 அடிதான் என்றால், நடுவில் ஒரு பாட்டரி தீர்ந்தாலும் அதற்கு அப்பாலுள்ள கருவிகள் அத்தனையும் ஊமையாகிவிடும். 120 அடி பேசுமானால் சேதி ஒன்றைத் தாண்டிப் போகும். ஆனால் அந்த 60 அடியில் காவல் இல்லை. யானை அங்கேதான் நுழையும் என்று வையுங்கள்! ஆகவே மணி அடிக்காத இரவெல்லாம் யானை வராத இரவு என்று நம்பக்கூடாது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று ஒவ்வொரு கருவியும் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காத கருவியின் எண்ணைப் பெட்டி காட்டவேண்டும். இந்த வசதி இல்லாததை வாங்க வேண்டாம்.

வேலியோரம் மட்டுமன்றித் தோப்பு முழுவதும் காவல் வேண்டுவோருக்குத் தென்னை நடவே வழிகாட்டும். சதுர நடவைவிட முக்கோண நடவில் அதிக மரம் கொள்ளும் என்பது நமக்குத் தெரியும். கருவிக்கும் முக்கோணமே சிக்கனம்: சதுரமாக வைத்தால் 100 தேவைப்படும் இடத்தில், முக்கோணமாக வைத்தால் 77 போதும். பார்க்கும் தூரத்தைப் போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டால் இடையில் சந்து விழாது. பேசும் தூரம் பார்க்கும் தூரத்தைப் போல் இரு மடங்கு இருந்தால், சந்தில்லாமல் பரப்பிய கருவிகள் தாமாகவே ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும் என்று 2003-ல் ஆராய்ச்சியாளர்கள் நிறுவினர்.

மண் ஈரக் கருவிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது தன்னைச் சுற்றிச் சில அங்குல மண்ணைத்தான் அறியும். ஆகவே ஏக்கருக்கு இத்தனை என்று எண்ணாமல், மண் மாறும் இடம் பார்த்து வைக்கவேண்டும். ஒரே தோப்பில் மேட்டில் சரளைச் செம்மண்ணும் தாழ்வில் களியும் இருந்தால் இரண்டிலும் ஒவ்வொன்று வேண்டும். இவை தொலைவாக இருக்குமாதலால், இங்கே பார்ப்பதல்ல, பேசுவதே தொல்லை.

இலைகள் ரேடியோ அலையை விழுங்கும்; நனைந்த இலை இன்னும் அதிகமாக விழுங்கும். கோடையில் பேசிய கருவி ஐப்பசி மழையில் பேசாமல் போவது இதனால்தான். வீட்டு வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலை தோப்புக்குள் நன்றாக ஊடுருவும். இதற்கு 2005 முதல், குறிப்பிட்ட சக்திக்குள் லைசென்ஸ் தேவையில்லை. தென்னந்தோப்பில் ஏரியலை மட்டைக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு மேல் கட்டலாம். மாமரம் தாழக் கவியும். அங்கே கம்பம் நட்டு மரத்துக்கு மேலே உயர்த்தவேண்டும். தரையோரம் வைத்தால் பாதித் தூரம்கூடப் போகாது.

மலையில் மழைக்காலத்தில் இவ்வகைக் கருவிகள் வேலை செய்யுமா என்று ஐயுற வேண்டாம். மூணாறு அந்தோணியார் காலனியில் நிலச்சரிவை அறிய அமிர்தா பல்கலைக்கழகம் கருவி வலை அமைத்தது. 2009 ஜூலை கனமழையின்போது அதன் தகவலைக் கொண்டு மக்கள் எச்சரிக்கப்பட்டனர்.

பெட்டிக்கு அருகிலுள்ள கருவிகள் மற்ற எல்லாச் சேதியையும் சுமப்பதால், அவற்றின் பாட்டரியே முதலில் தீரும். அவற்றுக்குச் சற்றுப் பெரிய சூரியத் தகடு வைப்பது நல்லது. மொத்தமாக வாங்குமுன் இரண்டே கருவிகளை இரவல் கேளுங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஒன்றை வீட்டில் வைத்து, மற்றதைக் கையில் பிடித்துத் தோப்புக்குள் நடந்து, சேதி எந்த மரத்தோடு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.