பழைய வீடு வாங்குமுன் அளந்து பாருங்கள்

மாடு வாங்கப் போகிறவர் அதன் பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டும் பார்க்கிறார். சந்தையிற் கத்தரிக்காய் வாங்கும் இல்லத்தரசியோ ஒவ்வொரு காயையும் புரட்டிப் பார்த்த பின்னரே கூடையில் இடுகிறார். ஆனால், ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொடுத்து வீடு வாங்கும்போது மட்டும் எம்மவர் பலர் முற்றத்தில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கின்றனர்; கொடுத்த தேநீரைப் பருகுகின்றனர்; "வீடு நல்ல வீடுதான்" என்று சொல்லி அச்சாரக் காசை நீட்டிவிடுகின்றனர். இது விந்தையன்றோ?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்று விலைக்கு வரும் வீடுகளுட் பல பழையவை. பெற்றோர் காலமாகிவிட்டனர், பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இலண்டனிலோ குடியேறிவிட்டனர், பூட்டிக் கிடக்கும் வீட்டின் திறப்பு உறவினர் ஒருவரிடம் இருக்கிறது. அத்தகைய வீட்டைத் தேடி வருபவர் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுதுவினைஞர், மகளின் சீதனத்துக்காக வீடு தேடும் தந்தை, பிறநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்ப விழைபவர். இவர்களுக்கு வீடு வாங்குதல் வாழ்நாளில் ஒரு முறை நிகழ்வது. அது பிழைத்தால், இன்னொரு வீடு வாங்கக் கையிற் பொருளும் இராது. உடம்பில் வலுவும் இராது.

ஆதலால் நாம் வற்புறுத்துவது ஒன்றே. நிலத்தை அளப்பதும் வீட்டைச் சோதிப்பதும் பணம் கைமாறுமுன் நடைபெற வேண்டும். முன்னர் அளந்தால் அது விசாரணை. பின்னர் அளந்தால் அது வழக்கு.

வேலியும் உறுதியும்

எமது நாட்டில் நிலத்தை அளந்து படம் வரையும் பணி புதியதன்று. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளை முதியோர் இன்றும் பேசுவர். நில அளவைத் திணைக்களமோ 1800ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இருந்தும், கிராமத்துப் பழைய உறுதிகள் பலவற்றில் நில அளவைப் படம் இணைக்கப்பட்டிருப்பதில்லை. காணியின் பெயர், நாற்றிசையிலும் உள்ள அயலவர் பெயர், இத்தனை பரப்பு இத்தனை குழி என்னும் கணக்கு ஆகியவையே இருக்கும். கிழக்கெல்லையாகக் குறிக்கப்பட்டவர் இறந்து இரண்டு தலைமுறை கழிந்திருக்கலாம். வடக்கெல்லையாகச் சொல்லப்பட்ட ஒழுங்கை இன்று தெருவாகியிருக்கலாம். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். அவ்வாறு பல காலம் ஆளில்லாது கிடந்த வளவுகளில், எல்லைக் கல்லையும் வேலியையும் இருந்த இடத்திலேயே காண்போம் என்று எதிர்பார்த்தல் இயலாது.

வேலியின் இயல்பையும் சற்று எண்ணிப் பாருங்கள். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்ற வேலி, அடைக்குந்தோறும் ஒரு சாண் இப்பாலோ அப்பாலோ நகரக் கூடியது. "வேலி அரக்குதல்" என்று ஒரு சொல்லே எம்மவரிடம் வழங்குகிறதென்றால், அச்செயல் எவ்வளவு பழகியது என்பது விளங்கும். நூறு அடி நீளமான ஓர் எல்லையில் வேலி மூன்றடி உள்ளே வந்துவிட்டால் இழப்பு 300 சதுர அடி. ஒரு பரப்பு பத்துப் பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி. அதில் 18 குழிகள் அடங்கும். எனவே மூன்றடி வேலி விழுங்கியது ஏறக்குறைய இரண்டு குழி நிலம். வாங்குபவர் அந்த இரண்டு குழிக்கும் விலை கொடுக்கிறார். நிலமோ அயலாரின் வேலிக்குள் இருக்கிறது.

கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வரகுப் பரப்பு என்றும் நெற்பரப்பு என்றும் இருவகை அளவு வழங்கியது. வரகுப் பரப்பு 16 கொண்டது ஓர் ஏக்கர். நெற்பரப்பாயின் 24 வேண்டும். உறுதியில் எவ்வகைப் பரப்பு எழுதப்பட்டுள்ளது என்பதைக் கவனியாது பேரம் பேசுபவர் மூன்றிலொரு பங்கு நிலத்தைச் சொல்லளவிலே இழந்துவிடலாம். இக்காலப் படங்கள் மெற்றிக் அளவில் வருதலால், ஒரு வரகுப் பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர் என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

பதிவுபெற்ற நில அளவையாளரை அமர்த்தும்போது, பழைய உறுதியையும், இருந்தால் பழைய படத்தையும் அவரிடம் கொடுங்கள். அளக்கும் நாளை அயலவர்க்கு முன்னரே அறிவித்து, அவர்களையும் அழைத்து நிறுத்துங்கள். வீடு, குசினி, மலகூடம், மதில் ஆகியவை எங்கெங்கே நிற்கின்றன என்பதைப் படத்திற் காட்டும்படி கேளுங்கள். கிணறு உட்புறமா, எல்லையிலா என்பதும் தெளிவாக வேண்டும். "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று உறுதியில் இருந்தால், அக்கிணறு உங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒழுங்கைக்கு இறங்கும் பாதை பிறர் காணியினூடாகச் சென்றால், அவ்வழியுரித்து எழுத்தில் உண்டா என்று பார்த்தல் வேண்டும். வழியில்லாத வளவு கதவில்லாத வீட்டுக்கு ஒப்பாகும்.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. அளவையாளர் நிலம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவார். அது யாருடையது என்று தீர்ப்புச் சொல்லமாட்டார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரியவருக்கு எதிராகப் பத்தாண்டு இடையூறின்றி ஆண்டவர் உரிமை கோர இடமுண்டு. படத்தில் ஓர் அத்துமீறல் தெரிந்தால், "பிறகு பார்ப்போம்" என்று விடாது, சட்டத்தரணியிடம் அப்படத்துடனேயே செல்லுங்கள்.

பதிவகத்தில் ஒரு நாள்

நிலத்தை அளந்தபின் எழுத்தை அளக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்று விதித்தது. எனவே "வாய்ச்சொல்லாகத் தந்துவிட்டார்", "ஐயா கடதாசியில் எழுதி ஒப்பமிட்டார்" என்னும் பேச்சுகளுக்குச் சட்டத்தின் முன் வலுவில்லை. எழுதிய உறுதியைப் பதிவதும் இன்றியமையாதது. முன்னர் எழுதியும் பதியாது விட்ட உறுதியை, பின்னர் எழுதி முன்னர் பதிந்த உறுதி வென்றுவிடுதல் கூடும்.

காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுப் பதிவுகளையேனும் தேடிப் பார்ப்பது சட்டத்தரணிகளின் வழக்கம். ஈடு இருக்கிறதா? ஒற்றி மீட்கப்பட்டதா? நன்கொடை உறுதியில் தாய்க்கோ தந்தைக்கோ சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கிறதா? பாகப்பிரிவினை வழக்கு ஏதும் பதியப்பட்டுள்ளதா? இவையாவும் அங்கே வெளிப்படும். பழைய உறுதி இடம்பெயர்வில் தொலைந்துபோயிருப்பினும், பதிவகத்தில் உள்ள பிரதியிலிருந்து சான்றுப்படுத்திய படி பெறுதல் கூடும்.

தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின் மேலும் விழிப்பு வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட அவ்வழமை, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று ஆதனத்தை வகுத்தது. வீடு இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே கையொப்பமிட வேண்டியவர் யார் என்பது தெரியவரும். கணவன் மனைவி இருவரது ஒப்பமும் பெறுதலே வாங்குபவருக்குக் காப்பு. பங்காளர் சேர்ந்தாளும் பிரிபடாத காணியில் ஒருவர் தம் பங்கை விற்பதாயின், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஏனைய பங்காளருக்கு முன்கொள்ளும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையான அறிவித்தல் கொடுபடாது வாங்கிய வீடு, குடிபுகுந்த பின்னரும் நீதிமன்றப் படியேறக் கூடும்.

விற்பவர் கடல் கடந்து இருப்பாராயின், அவர் பெயரில் உறவினர் காட்டும் அற்றோணித் தத்துவப் பத்திரத்தையும் ஆராய்தல் வேண்டும். தத்துவம் கொடுத்தவர் இறந்தவுடன் அத்தத்துவமும் இறந்துவிடுகிறது. ஆகையால் அவர் இன்று உயிரோடு இருக்கிறார் என்பதையும், விற்க இசைகிறார் என்பதையும் நேரில் பேசி அறிந்துகொள்வது தவறாகாது.

கூரைக்கு மாரி, கிணற்றுக்குக் கோடை

இனி வீட்டுக்கு வருவோம். பழைய வீட்டை ஒரு நாட் பொழுதில் அறிந்துவிட இயலாது. கூரையின் உண்மையைக் கார்த்திகை சொல்லும். கிணற்றின் உண்மையை ஆவணி சொல்லும். ஆண்டு முழுதும் காத்திருக்க இயலாதவரும், ஒரு பெருமழைக்குப் பின்னேனும் வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்க.

செல்லும்போது மேசன் ஒருவரையும் ஓடாவி ஒருவரையும் உடனழைத்துச் செல்லுங்கள். அவர்கள் விற்பவருக்கு வேண்டியவர்களாகவோ தரகரின் ஆட்களாகவோ இருத்தலாகாது. ஓடாவி ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறட்டும். பனஞ்சலாகையும் கைமரமும் சுவரைச் சந்திக்கும் முனைகளிலேதான் கறையான் முதலிற் குடியேறும். வெளியே வைரமாகத் தோன்றும் மரம் உள்ளே கோறையாக இருக்கலாம். உளியால் மெல்லக் குத்திப் பார்த்தால் அது தெரியும். ஓட்டை மாற்றுவது செலவுதான். ஆயினும் ஓட்டைத் தாங்கும் மரத்தை மாற்றுவதோடு ஒப்பிடுகையில் அது சிறு செலவு.

சுவரைப் பார்க்கும் மேசன் வெடிப்பு எப்படி ஓடுகிறது என்று நோக்குவார். சாந்துப்பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடும் வெடிப்பு அச்சம் தருவதன்று. கதவு நிலையின் மூலையிலிருந்து சரிவாக எழுந்து, மேலே செல்லச் செல்ல அகலும் வெடிப்பு அத்திவாரம் இறங்கியமைக்கு அறிகுறியாகலாம். போர்க்காலத்தில் அதிர்ச்சி கண்ட சுவர்களிற் புதுச்சாந்து பூசி வெண்மை அடித்திருப்பதும் உண்டு. தட்டிப் பார்த்தால் ஓசை வேறுபடும். சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துங் கொண்டு கட்டிய பழஞ்சுவருக்கு வெளியே சீமெந்து பூசியிருந்தால், உள்ளேறிய ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, வண்ணம் உரிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புதிதாக ஓரிடத்தில் மட்டும் வண்ணம் பூசப்பட்டிருந்தால், அவ்விடத்தை இருமுறை பாருங்கள்.

மின்கம்பிகள் பழையனவாயின் முழுவதையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்தே பேசுக. சோலைவரி நிலுவை இருக்கிறதா என்று பிரதேச சபையிற் கேட்டறிக. தெருவை அகலிப்பதற்கான எல்லைக்கோடு உங்கள் தலைவாசலைத் தொடுகிறதா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள்.

கிணறு தனியே சொல்லத்தக்கது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். அக்கல் துளையும் பிளவும் உடையதாதலால், மேலே இட்டது விரைவிற் கீழே இறங்கிவிடும். தோட்டத்துக்கு இட்ட உரமும் மலகூடக் குழியின் கழிவும் நிலத்தடி நீரைச் சேர அதிக நாட் செல்லாது. கடலை அண்டிய ஊர்களில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் ஏறிவிடும். எனவே கோடைக் கடைசியில் நீரின் மட்டத்தை அளந்து, சுவைத்துப் பார்த்தலோடு நில்லாது, ஆய்வுகூடத்திற் சோதித்தும் பெறுங்கள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுக்கும் வீட்டில் இச்சோதனையைத் தவிர்ப்பது பெரும் பிழை. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அளப்பது அவமதிப்பா?

இவ்வளவையும் கேட்ட சிலர், "தெரிந்த குடும்பம், எங்கள் ஊரவர், அளக்கச் சொன்னால் என்ன நினைப்பார்?" என்று தயங்குவர். தயக்கம் இயல்பே. எமது சமூகத்திற் சொல்லுக்கு மதிப்புண்டு. முகத்துக்கு நேரே ஐயுறுதல் பண்பன்று. ஆயினும் ஓர் உண்மையை எண்ணுக. விற்பவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார். வாங்கியவரோடு வாழப்போகிறவர்கள் அயலவர்களே. சாமத்தில் நெஞ்சுவலி வந்தால் வேலிக்கு மேலால் குரல் கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. அவர்களோடு முதல் நாளே எல்லைத் தகராறு தொடங்கினால், அவ்வீடு எவ்வளவு அழகியதாயினும் இல்லமாகாது. அளவை நாளில் அயலவர் முன்னிலையில் ஊன்றிய கல், விற்பவர் மேற்கொண்ட ஐயத்தின் அடையாளமன்று. பக்கத்து வீட்டாரோடு செய்துகொண்ட சமாதானத்தின் அடையாளம்.

மனக்கசப்பின்றி இதனைச் செய்ய வழியும் உண்டு. அச்சாரம் கொடுக்கும்போதே, "நில அளவையும் உறுதித் தேடலும் வீட்டுச் சோதனையும் திருப்தியாக அமைந்தால் கொள்வனவு, இல்லையேல் அச்சாரம் திருப்பப்படும்" என்று எழுத்தில் உடன்பட்டுக்கொள்ளுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்லார். மறுப்பவராயின், அம்மறுப்பே போதிய விடை. குறைகள் வெளிப்பட்டாலும் வீட்டைக் கைவிட வேண்டும் என்பதில்லை. குறை தெரிந்தால் விலை குறையும். திருத்தச் செலவு முன்னரே கணக்கில் வரும். கடன்பட்டுத் திருத்தும் நிலை வராது.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றனர் பெரியோர். ஆற்றிற் போடுவதற்கே அந்த அறிவுரை எனின், பிள்ளைகளும் பேரர்களும் பிறந்து வளரப்போகும் மண்ணுக்கு எத்துணை அளவு வேண்டும்! அளவையாளரையும் ஓடாவியையும் மேசனையும் அழைக்கும் செலவு, வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அற்பம். உறுதி எழுதும் நாளுக்கு முகூர்த்தம் பார்க்கும் குடும்பங்கள், அதற்கு முன்னரே அளவை நாளுக்கும் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.