தாத்தா பெயரும் பேரன் பெயரும்

எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா பெயர் சின்னப்பன், தம்பி பெயர் பால் (குடிக்கும் பால் அல்ல!). தாத்தாவின் பெயர் பட்டிக்காட்டுப் பெயர் என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. ஆனால் இரண்டும் ஒரே பெயர்தான்!

‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் ‘சிறியவர்’ என்பது பொருள். ஆங்கிலேயர் அதைப் பால் என்றனர். நம் முன்னோரோ ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு, அந்த அப்போஸ்தலரைச் சின்னப்பர் என்று அழைத்தனர். ஜான் அருளப்பர் ஆனதும் இப்படியே. அதன் மூலமான எபிரேயப் பெயருக்கு ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்று பொருள்.

1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் பவுல், யோவான் என்றே வாசிக்கிறோம். சின்னப்பர் என்பதே எங்களுக்கு இனிக்கிறது.

அர்ச். இராயப்பர், சின்னப்பர் திருநாளாகிய ஜூன் 29 அன்று, தாத்தாவுக்கும் பேரனுக்கும் சேர்த்தே வாழ்த்துச் சொல்லி வந்தோம்.