தொலைவும் மாற்றுறுப்பும்

தொலைவு என்னும் சொல்லுக்குத் தூரம் என்பதோடு அழிவு என்னும் பொருளும் தமிழில் உண்டு. இவ்விரு பொருளும் ஒருசேர வந்து நிற்கும் ஓரிடத்தை இங்கு விளக்க முற்படுகின்றோம். மாற்றுறுப்பு பெற்ற நோயாளரின் இல்லத்திற்கும் அவரைக் கண்காணிக்கும் சிறப்பு மருத்துவமனைக்கும் இடைப்பட்ட வழியே அவ்விடம்.

மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1975ஆம் ஆண்டு கோலாலம்பூர் மருத்துவமனையில் நடைபெற்றது. முதல் இதய மாற்று 1997ஆம் ஆண்டு அதே நகரிலுள்ள தேசிய இருதயக் கழகத்தில் நிகழ்ந்தது. இத்துறையின் வல்லுநர்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே திரண்டிருப்பதால், கெடா மாநிலத்தவர் பல மணி நேரம் சாலையில் வரவேண்டும்; சபா மாநிலத்தவர் கடல் கடந்து வரவேண்டும்.

அறுவைக்கு முன்பே தொலைவின் தடை தொடங்கிவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர் பொதுவாக வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், குருதிச் சுத்திகரிப்புக்குச் செல்பவர். மாற்று அறுவைக்குத் தகுதி காணும் சோதனைகளுக்கான பயணத்தை எஞ்சிய நாள்களுக்குள் அவர் அடக்கவேண்டும். கொடையாளர் உடலினின்று எடுத்த உறுப்பும் காத்திருப்பதில்லை. சிறுநீரகம் குளிர்காப்பில் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். இதயமோ 4 மணி நேர அளவே தாங்கும். அழைப்பு வந்ததும் விரைந்து வந்து சேர இயலாதவர் வாய்ப்பை இழக்க நேரலாம்.

அறுவைக்குப் பின் தடை வேறு வடிவம் கொள்கிறது. உடல் அயலுறுப்பை எதிர்க்காதிருக்க உண்ணும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் அளவு குருதியில் கூடினால் சிறுநீரகம் கெடும். குறைந்தால் உறுப்பு நிராகரிக்கப்படும். அவ்வளவை அறியக் காலை மருந்தை உண்பதற்கு முன்னரே குருதி எடுக்கவேண்டும். ஆதலால் தொலைவிலிருப்பவர் முந்தைய இரவே புறப்பட்டு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். தொடக்க மாதங்களில் இப்பயணம் அடிக்கடி நேரும். கூலியும் துணைக்கு வருபவரின் வேலைநாளும் அதில் கழியும்.

இங்கு மொழிக்கும் பங்குண்டு. நிராகரிப்பு பல வேளைகளில் வலியின்றித் தொடங்கும். குருதிச் சோதனையே அதைக் காட்டும். ‘வலியில்லை, ஆகவே நலம்’ என்று கருதுபவர் நெடும்பயணத்தைத் தள்ளிப்போடுவது இயல்பு. உறுப்பு நிராகரிப்பை ஒவ்வாமை என்று பெயர்த்தால், அரிப்போ தடிப்போ தோன்றும்வரை அவர் காத்திருப்பார். ‘எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து’ என்று மட்டும் கூறினால், அது தீமை செய்வது என்றெண்ணி நிறுத்திவிடவும் கூடும். ‘புதிய உறுப்பைக் காக்கும் மருந்து, வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டியது’ என்று சேர்த்துச் சொல்லின் ஐயம் நீங்கும். மருத்துவர் அருகிலிருப்பின் அடுத்த சந்திப்பிலேயே இவ்வையத்தைத் தீர்த்துவிடுவார். தொலைவிலிருப்பவருக்குக் கையிலுள்ள சொல்லே துணை.

அருகிலுள்ள மருத்துவமனையில் குருதி எடுத்து முடிவைச் சிறப்பு மருத்துவருக்கு அனுப்புதலும், தொலைபேசி வழி ஆலோசனையும் பயணத்தைக் குறைக்கும். அவ்வாலோசனை பயன்தர, காய்ச்சல், சிறுநீர் குறைதல், கால்வீக்கம், விடுபட்ட வேளைமருந்து ஆகியவற்றை நோயாளர் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். ஆசிரியர்கள் இச்சொற்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள மருந்துக் குறிப்பை இல்லத்து முதியவருக்குத் தமிழில் படித்து விளக்கும் மாணவர், அத்தொலைவில் ஒரு பகுதியைக் குறைத்தவராவார்.